குஞ்சா, பூச்சியா

என் கடைக்கு மீன் வாங்க வருகிறவர்களை விட, மீனைக் கொன்றுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். பதுளை பஸாரில் அப்பா பலசரக்கு விற்ற கடையில் பாதியை மறித்து நான் மீன் தொட்டிகள் வைத்துப் பதினோரு வருஷமாகிறது. தொட்டியில் எது நெளிந்தாலும் போத்தலில் பிடித்துக்கொண்டு ஓடி வந்துவிடுவார்கள். பார்த்து, இன்னது என்று சொல்லி, கூடவே நாலு திட்டும் கொடுத்து அனுப்புவேன். தங்கராஜா வாய் பொல்லாதது, ஆனால் மீன் விஷயத்தில் பொய் சொல்லமாட்டான் என்று ஊரில் பேர். அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எட்வர்ட் ஜனவரியில் ஒரு ஜாம் போத்தலோடு வந்தார். ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்தில், தேயிலை ஃபெக்டரியில் வேலை. போன வருஷம் மகள் கேஷானிக்கு என்னிடம்தான் ஒரு சோடி கப்பி மீன் வாங்கினார். ஆண் மீன் ஒரே மாதத்தில் போய்விட்டது, அதற்கும் என்னிடம் திட்டு வாங்கியிருந்தார்.

"மொதலாளி, தொட்டியில சின்னதா என்னமோ ஓடுது. கொஞ்சம் பாருங்க."

போத்தலைத் தூக்கிப் பிடித்தேன். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. கடுகில் பாதி கூட இல்லாத பழுப்பு உருண்டைகள், சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒத்த மீனுக்கு ஒரு குடும்பத்துச் சாப்பாட்டைக் கொட்டுறீங்களா? மிச்சம் அழுகித்தான் இதெல்லாம் பெருகுது. அந்த மீன் இதைத் திங்காம என்ன செய்யுது?"

"மீன் செத்து பத்து நாளாச்சுங்க."

"அப்பச் சரி. இது வந்து..."

எட்வர்ட் சட்டென்று போத்தலின் மேல் கையை வைத்தார். "பேரைச் சொல்லிறாதீங்க."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். கேஷானிக்கு ஒன்பது வயது. ரத்தப் புற்றுநோய். மூன்று மாதமாகக் கொழும்பில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தாய் ஜெசிந்தினி கூடவே இருக்கிறாள். வேலைக்காக இங்கேயே தங்கிவிட்ட எட்வர்ட், தினமும் பின்னேரம் போனில் மகளுக்கு மீனைக் காட்டுவார். மீன் செத்த அன்றிலிருந்து அவள் சாப்பாட்டைத் தொடவில்லை. முந்தாநாள் தொட்டியைக் காட்டச் சொன்னவள், இந்தப் புள்ளிகளைக் கண்டுவிட்டாள்.

"குஞ்சு போட்டுட்டுத்தான் செத்திருக்கு அப்பான்னு ஒரே சந்தோசம். அன்னைக்கு ரெண்டு இடியப்பம் சாப்பிட்டாளாம். எனக்குப் பொய் வராதுங்க. நீங்க பூச்சின்னு சொல்லிட்டா என் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும். தெரியாமலே இருந்துட்டா, ஆமா மகள், குஞ்சாத்தான் இருக்கும்னு சொல்லலாம்."

"அப்ப எதுக்கு இங்க கொண்டு வந்தீங்க?"

"இதுக சாகாம இருக்க என்ன செய்யணும்னு கேக்கத்தான்."

அந்தப் பூச்சியை ஒழிக்கத்தான் நான் ஊருக்கெல்லாம் வழி சொல்லியிருக்கிறேன். வளர்க்க வழி கேட்டவர் இவர் ஒருவர்தான். "தண்ணிய மாத்தாதீங்க. சாப்பாட்டைப் போட்டபடியே போடுங்க. வேற மீன் மட்டும் விட்டுறாதீங்க, ஒரே நாள்ல திண்டுரும்" என்றேன். அவர் போன பிறகு, வந்தவுடனே அந்த மனுஷனைத் திட்டியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

பெப்ரவரியில் கேஷானி இறந்துபோனாள். தோட்டத்துப் பையன்கள் கடையில் பேசிக்கொண்டதில்தான் எனக்குத் தெரிந்தது. அடக்கத்துக்குப் போகத் தைரியம் வரவில்லை.

மார்ச்சில் எட்வர்ட் வந்தார். கையில் போத்தல் இல்லை. கடையில் ஆள் குறையும் வரை ஓரமாக நின்றார்.

"நாளைக்குப் புள்ளையோட முப்பத்தோராம் நாள் பூசைங்க. பூசையில நன்மை அப்பம் வாங்கணும். அதுக்கு முன்ன பாவசங்கீர்த்தனம் செய்யணும். கடைசி நாள் வரைக்கும் குஞ்சு, குஞ்சுன்னுதான் அவகிட்டச் சொன்னேன். அது பொய்யா இல்லையான்னு தெரியாம பாதர்கிட்ட என்னன்னு சொல்றது? இப்பச் சொல்லுங்க. அது என்ன?"

சாகப்போகிற பிள்ளையிடம் பொய் சொன்னேன் என்று இந்த மனுஷன் முழங்காலில் நிற்க வேண்டுமா? என் பேர் போனால் போகட்டும் என்று தோன்றியது.

"குஞ்சுதான் எட்வர்ட். சந்தேகமே இல்ல."

முகம் தெளியும் என்று நினைத்தேன். அது அப்படியே இருண்டது. பக்கத்திலிருந்த மீன் சாப்பாட்டுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"நேத்துத்தாங்க தொட்டிய தண்ணிப் பீலிக்குக் கொண்டு போய்க் கொட்டினேன். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சேன். வீட்டுக்கு ஆளுக வருவாங்களேன்னு. நூறு நூத்தம்பது இருந்திருக்கும். அவ குஞ்சுகள நானே கொன்னுட்டேன்."

நான் பதறிப்போய் அவர் தோளைப் பிடித்தேன். "இல்ல எட்வர்ட், அது குஞ்சில்ல. ஓட்டுக்குள்ள இருக்கிற பூச்சி. இறால் ஜாதி. செடியோட ஒட்டி வரும். நான்தான் பொய் சொல்லிட்டேன். சத்தியமா அது பூச்சி."

அவர் என் கையைத் தன் இரண்டு கைகளாலும் எடுத்துப் பொத்திக்கொண்டார்.

"என் மனசு ஆறணும்னு சொல்றீங்க மொதலாளி. நீங்க நல்லா இருக்கணும்."

எழுந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார். நானும் வாசல் வரை ஓடி, பூச்சிதான், பூச்சிதான் என்று சொல்லிக்கொண்டே நின்றேன்.