ஜாடியின் அடியில் இருந்த எண்

நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தின் இரண்டாம் மாடியில், இடுப்பளவு உயரத்துக்கு ஒரு நீல ஜாடி இருந்தது. அதைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் உலகத்திலேயே இல்லை என்று பதினோரு வருடம் நம்பினேன். அப்படி நம்பியது நான் ஒருவன்தான்.

அது அரசவைச் சடங்குகளில் நீர் வைத்த பாத்திரம் என்பது என் முடிவு. அடியில் மங்கிக் கிடந்த கிறுக்கலை அரச முத்திரை என்று படித்தேன். உள்ளே இருந்த கீறல்களுக்கும் விளக்கம் வைத்திருந்தேன்: சடங்கு செய்தவரின் கோல் பட்டவை. இதையெல்லாம் நாற்பது பக்கக் கட்டுரையாக எழுதி, போகிற கூட்டத்திலெல்லாம் பேசி, வீட்டிலும் பேசினேன். ஜாடி என்று ஆரம்பித்தாலே என் மனைவிக்கு அடுப்படியில் வேலை வந்துவிடும்.

ஒருநாள் சுத்தம் செய்வதற்காக ஜாடியைக் கீழே கொண்டுபோனார்கள். பழுதுபார்க்கும் பிரிவில் இருக்கும் பெண்மணி அதிகம் பேசமாட்டார். என்னைக் கூப்பிட்டு, அடிப்பாகத்தைச் சிறப்பு விளக்கில் எடுத்த படத்தைக் காட்டினார்.

"சார், இது முத்திரை இல்ல. நூத்திப் பதினாலுன்னு எழுதியிருக்கு. பக்கத்துல ஒரு தெருப் பேரு."

பதினோரு வருடமாகத் தலைகீழாகப் பிடித்துப் படித்திருக்கிறேன்.

அவர் சொன்னது தப்பு என்று காட்டத்தான் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். உண்மையைத் தேடி அல்ல. நான்கு நாள் தூசியில் தும்மிய பிறகு ஒரு தட்டச்சுப் பட்டியல் அகப்பட்டது. போர்க்காலத்தில் அதிகாரிகள் அந்தத் தெருக்காரர்களை ஒரே காலையில் வெளியேற்றி, வீட்டுச் சாமான்களுக்கு எண் போட்டு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நூற்றுப் பதினாலு, நீல ஜாடி. உரியவர், ஒரு தையல்காரர். எங்கள் பதிவேட்டிலோ அது 'அன்பளிப்பு' என்று ஏறியிருந்தது. கொடுத்தவர் பெயருக்கான இடம் காலி. அந்தக் காலியிடத்தை நானும் நூறு தடவை பார்த்துவிட்டு, முத்திரையை ஆராயப் போயிருக்கிறேன்.

வீட்டில் சொன்னேன். மனைவி சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அந்த வீட்டு ஆளுங்க யாராவது இருக்காங்களான்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. நாற்பது பக்கத்தை என்ன செய்வது என்றுதான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

தையல்காரர் சங்கத்தின் பழைய உறுப்பினர் ஏடு வழியாக அவருடைய மகளைக் கண்டுபிடித்தேன். நகரத்தின் மறுகோடியில் இருந்தார். எண்பதைத் தாண்டியவர், தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அருங்காட்சியகத்துக்கு அழைத்து வந்தேன். நப்பாசை விடவில்லை, வீட்டில் அதில் நீர் வைப்பீர்களா என்று கேட்டேன்.

"தண்ணி ஊத்தினா ஒழுகிடுமேப்பா. குடைதான் வைப்போம். துணி தைக்கக் குடுக்க வர்றவங்க நனைஞ்ச குடைய அதுலதான் நிறுத்துவாங்க."

கோல் பட்ட கீறல்கள்! அவர் ஜாடிக்குள் கைவிட்டுத் தடவிக்கொண்டிருந்தார்.

"எங்கள வெளியேத்தின அன்னைக்கும் மழை. வாடிக்கைக்காரங்க விட்டுட்டுப் போன குடை ரெண்டு உள்ள இருந்துச்சு. அதைத் திருப்பிக் குடுக்க முடியலையேன்னு அப்பா சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு."

அவரிடம் கொடுக்க வைத்திருந்த கட்டுரைப் பிரதியைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். பதினோரு வருடத்தில் அதுவே முதல் தடவை.

ஜாடியைத் திருப்பிக் கொடுப்பது பற்றி நிர்வாகக் குழு கூடியது. அரிய சடங்குப் பாத்திரத்தை எப்படி விடுவது என்று ஓர் உறுப்பினர் என் கட்டுரையின் இருபத்து மூன்றாம் பக்கத்தையே உரக்கப் படித்தார். அதில் இருப்பது தவறு என்று புரியவைக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அவ்வளவு நன்றாக எழுதித் தொலைத்திருந்தேன்.

கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். ஜாடியை வேனில் ஏற்றி நானே கூடப் போனேன். தையல்காரரின் மகள் அதை வாசல் கதவின் ஓரத்தில் வைக்கச் சொன்னார். பிறகு, அப்பாவுடைய தையல் மெஷின் எங்கே போனது தெரியுமா என்று கேட்டார். தேடுவதாகச் சொன்னேன்.

இரண்டு வருடம் ஆகிறது. மாதம் ஒருமுறை போன் செய்து, இன்னும் கிடைக்கவில்லை என்கிறேன். சரிப்பா என்றுவிட்டு, அடுத்து எங்கே பார்க்கலாம் என்று அவரே சொல்கிறார். என் யோசனையைவிட அது எப்போதும் உருப்படியாக இருக்கிறது.