பச்சை உடம்பு

மாரிசெல்வியின் இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று மருமகன் ராஜபாண்டி எத்தனை தடவை சொல்லியும் கோமதியம்மாளின் மண்டையில் ஏறவில்லை. இளைக்க வேண்டுமென்றால் நடப்பார்கள், பட்டினி கிடப்பார்கள். நன்றாயிருக்கிற வயிற்றை யாராவது அறுப்பார்களா? சர்க்கரை ஏறிவிட்டது, முட்டு தேய்ந்துவிட்டது, வேறு வழியில்லை என்றார்கள். சரி, அறுத்தாயிற்று. வயிறு அறுத்த பெண்ணுக்கு என்ன செய்ய வேண்டுமென்று அவளுக்கா தெரியாது? தாராவியில் அவர்கள் சந்தில் சிசேரியன் ஆன பெண்களெல்லாம் அவள் கிண்டிய உளுந்தங்களியைத் தின்றுதான் எழுந்து நடமாடினார்கள்.

வீட்டுக்கு வந்த மகளுக்கு டாக்டர் சொன்னது மோர்த்தண்ணீரும் வடிகட்டிய சூப்பும்தான். அதையும் கொஞ்சம் கொஞ்சமாக நக்கிக் குடிக்க வேண்டுமாம். பெற்றவளுக்குப் பொறுக்குமா? மருமகன் குர்லா பட்டறைக்குக் கிளம்பியதும் கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் களி கிண்டினாள்.

"வேண்டாம்மா. கெட்டியா ஒண்ணும் திங்கக்கூடாதுன்னு சொல்லிருக்காவ."

"பச்ச ஒடம்புட்டீ. இடுப்புக்குப் பெலம் வேண்டாமா? ரெண்டு வாய் தின்னு."

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தின்றாள்.

சற்று நேரத்தில் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி. மறுநாள் காய்ச்சல், தோள்பட்டையில் குத்துவலி. செம்பூர் ஆஸ்பத்திரியில், தையல் விட்டுக் கசிகிறது, வயிறெல்லாம் சீழ் என்றார்கள்.

என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் இந்தியில் கேட்டார். சூப்புதான் என்றான் ராஜபாண்டி. கோமதியம்மாள் முன்னால் வந்தாள்.

"நாந்தான் மருமவனே, களி குடுத்தேன்."

அவன் அதை அப்படியே இந்தியில் சொன்னான். அதனாலும் இருக்கலாம், தானாகவும் விட்டிருக்கலாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் ஆபரேஷன் அறைக்கு விரைந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம். இந்த 'இருக்கலா'மை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

மறுபடி அறுத்து, கழுவி, விலாவில் குழாய் சொருகி ஐ.சி.யூவில் போட்டிருந்தார்கள். வாய்வழியாக எதுவும் ஆகாது. காய்ச்சல் மட்டும் இறங்கவேயில்லை.

"எம்மா, ஒரு வாய் தண்ணி தாம்மா." உதடு வெடித்திருந்தது.

"தண்ணிகூடக் கூடாதாம்ட்டீ, எந்தங்கம்."

"அவரு போயிட்டாருல்லா. யாருட்டயும் சொல்ல மாட்டேன். நீ தா."

கோமதியம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். அம்மா தருவாள் என்று நம்பி மகள் வாயைத் திறந்தபடியே கிடந்தாள்.