சத்தமாகச் சொன்ன ஓடிபி

சௌந்தரபாண்டியின் மகளாக இப்போது இருப்பவருக்கு அறுபத்திரண்டு வயது. தலையில் முடி கிடையாது. படிக்கும்போது மட்டும் கண்ணாடி போடுவார். வீட்டில் எல்லோரும் அவரைச் சுபிக்ஷா என்றுதான் கூப்பிட்டார்கள். லாகின் ஆகியிருப்பது அவர்தான் எனும்போது வேறு எப்படிக் கூப்பிடுவது?

திருமங்கலத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு மாமியாரே இப்படி மாறிப்போனார். புதிதாக வந்தவர் குழம்பு நன்றாக வைக்கிறார் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

தப்பு சௌந்தரபாண்டி மேல்தான். அவர் மாவு மில் வைத்திருப்பவர். மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, வீட்டுக்கு வந்தாலும் தொண்டை இறங்காது. அவர் மனைவி அழகுமீனாவிடம் உப்பு கேட்டால் எதிர்வீட்டிலிருந்து உப்பு வரும். அப்படி ஒரு தொண்டை.

சுபிக்ஷா பன்னிரண்டாம் வகுப்பு. அன்றைக்குக் காலேஜில் சேர்வதற்கான திறனறித் தேர்வுக்குப் பதிவு பண்ணிக்கொண்டிருந்தாள். வீட்டில் எதற்கும் அப்பா நம்பரைத்தான் கொடுப்பார்கள், ஓடிபியும் அவர் போனுக்குத்தான் வரும். பின்னறையிலிருந்து அவள் கத்தினாள்.

"யப்பா, ஓடிபி வந்திருச்சா?"

"வந்திருச்சு பாப்பா. எழுதிக்க!"

ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னார். மூன்றாவது தடவை பால்கனியில் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். எந்த வீட்டில்தான் இப்படிச் சொல்லவில்லை, சொல்லுங்கள். சாயங்காலம் எந்தத் தெருவில் நடந்தாலும் நாலு வீட்டு ஓடிபி காதில் விழும்.

கீழே ரெக்சின் பையோடு போய்க்கொண்டிருந்த பெரியவர் நின்றார். பையிலிருந்து போனை எடுத்தார். எண்களை நிதானமாக அடித்தார். சுபிக்ஷா கடைசி எண்ணை அடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பெரியவர் படியேறி வந்தார். செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தார். சௌந்தரபாண்டியைப் பார்த்து, "பசிக்குதுப்பா" என்றார்.

அழகுமீனா தட்டில் தோசை வைத்தாள். அதே நேரம் சுபிக்ஷாவின் கால்கள் தாமாக நடந்து வெளியே படிக்கட்டுக்குப் போய்விட்டன. அதற்குப் பிறகு அவளால் நிலைப்படியைத் தாண்ட முடியவில்லை. அழகுமீனா கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"என்னங்க, செவுத்த இழுக்குறாப்புல இருக்கு!"

அன்றைக்கு முழுவதும் அழகுமீனா அழுதாள். மறுநாள் சோற்றைப் படிக்கட்டில் கொண்டுபோய் வைத்தாள். அழுகிறவளும் உலை வைத்துத்தானே ஆக வேண்டும்.

சுபிக்ஷா மில்லுக்குக் குடிபோனாள். மில்லுக்குள் நுழைய லாகின் கேட்கவில்லை. கோதுமை மூட்டை மேல் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நாளில் அவள் தலைமுடியெல்லாம் மாவு படிந்து வெளுத்துவிட்டது. அரைக்க வருகிறவர்கள் அவளிடம் டின்னைக் கொடுத்து, "மிளகா முன்னாடியா, மல்லி முன்னாடியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

புது சுபிக்ஷா விடிவதற்குள் எழுந்துவிடுவார். தானே டீ போட்டுக்கொள்வார். போனை நோண்ட மாட்டார். தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்க மாட்டார். பரிசு விழுந்திருக்கிறது என்று வருகிற லிங்க்கைத் தொட மாட்டார். "அக்கவுண்டு பத்திரமா இருக்கணும்ப்பா" என்பார். அடுத்தவர் அக்கவுண்டில் உட்கார்ந்துகொண்டு அவ்வளவு அக்கறை. அடேயப்பா!

திறனறித் தேர்வை அவர்தான் எழுதினார். வரிசையில் அடுத்து வரும் படம் எது, கடிகாரத்தைக் கண்ணாடியில் பார்த்தால் மணி என்ன, இவருக்கு அவர் என்ன உறவு என்று கேட்டிருந்தார்கள். உறவுக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் சரியாக எழுதியிருந்தார். தொண்ணூற்றெட்டு வந்தது.

சொந்தக்காரர்கள் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார்கள். அழகுமீனாவின் அண்ணன் பெரியவரின் வழுக்கைத் தலையைத் தடவி, "நம்ம குடும்பத்துலயே இப்பிடி ஒரு புள்ள வந்ததில்ல" என்றார். பெரியவர் எழுந்து காலில் விழுந்தார். எழுந்திருக்கத்தான் ரொம்பச் சிரமப்பட்டார்.

தன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் அப்பா என்று கூப்பிடுவது சௌந்தரபாண்டிக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பழகிவிட்டது. என்னத்தைச் சொல்ல, கடைத்தெருவில் "புள்ள எவ்வளவு?" என்று கேட்கிறவனிடம் தொண்ணூற்றெட்டு என்று சொல்லும்போது அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. மாதிரித் தேர்வில் சுபிக்ஷா வாங்கியது நாற்பத்தொன்று. அப்போதெல்லாம் அவர் கடைத்தெருப் பக்கமே போனதில்லை.

ஆனால் மில்லுக்குப் போக வேண்டியிருக்கிறதே. ஒரு நாள் அவர் போனபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் சுபிக்ஷா மூட்டையில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இமையிலும் மாவு. யாரோ கிழவியை உட்கார வைத்ததுபோல் இருந்தது. அவர் போய் மெஷினை நிறுத்தினார்.

"கிளம்பு பாப்பா. அக்கவுண்டு மீட்பு ஆபீசுக்குப் போவோம்."

"போனா ஆகுமாப்பா?"

"ஆகும் ஆகும், வா."

உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் சேர்ந்து வர வேண்டும் என்பது அந்த ஆபீஸ் விதி. பெரியவரிடம் சொன்னபோது மறுக்கவில்லை. ரெக்சின் பையை எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள். இரண்டு சுபிக்ஷாவும் தூங்கிவிட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் அவர் தோளில் சாய்ந்திருந்தார்கள்.

மீட்பு ஆபீசில் ஒரு தாழ்வாரம். அதன் கடைசியில் ஒரு ஜன்னல். இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு ஆலோசனை சொல்கிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் சொல்வதையும் நின்று கேட்டால்தான் அடுத்த நாற்காலிக்குப் போகலாம்.

"பிடிச்சதப் படிக்கணும்" என்றார் முதல் நாற்காலி.

"பிடிச்சது சோறு போடுமா?" என்றார் இரண்டாவது.

"பாஸ்வேர்ட மாத்திக்கிட்டே இருக்கணும்."

"மாத்திக்கிட்டே இருந்தா மறந்துபோகும்."

"கோடிங் படிக்க வைங்க."

"இனிமே கோடிங்க வெச்சு என்ன செய்ய?"

ஒரு ஆலோசனையைக் கேட்டு முடித்ததும் தாழ்வாரம் கொஞ்சம் நீண்டது. நீண்ட இடத்தில் இன்னொரு நாற்காலி வந்தது. ஒரு நாற்காலியில் இருந்த ஆள் கொட்டாவி விட்டார். "நானும் கேக்கத்தாண்ணே வந்தேன். போன வருசம். கால் வலிச்சுச்சு, உக்காந்துட்டேன். இப்ப எங்கிட்டயும் கேக்குறாங்க" என்றார்.

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"பக்கத்து நாற்காலி சொல்றதுக்கு மாத்திச் சொல்லுவேன்."

சௌந்தரபாண்டிக்கு முட்டி இரண்டும் கழன்றுவிடும்போல் இருந்தது. பெரியவரின் பையை வாங்கி அவர் தூக்கிக்கொண்டார். ஒருவழியாக ஜன்னல் வந்தது.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் திலகராணி என்ற அதிகாரி இருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஓடிபிய சத்தமாச் சொன்னது யாரு?"

"நாந்தாம்மா!"

"தெரியுது. மெதுவாப் பேசுங்க." கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தார். "அப்பாமாருக்குத் திறனறித் தேர்வு. ஒரே கேள்வி. மூணு வாய்ப்பு."

திரையில் கேள்வி வந்தது. உங்கள் மகள் எதற்குப் பயப்படுவாள்?

ப்பூ, இவ்வளவுதானா என்று நினைத்தார் சௌந்தரபாண்டி. பல்லி என்று அடித்தார். தவறு என்று வந்தது.

"சின்னப் புள்ளையில பல்லியப் பாத்தா கத்துவாளே?"

"அது சின்னப் புள்ளையில."

இருட்டு என்று அடித்தார். தவறு. அவருக்கு வியர்த்துவிட்டது. "எம்மா, எனக்கு எம்புள்ளையப் பத்தி எல்லாம் தெரியும். பத்தாவதுல நானூத்தி நாப்பத்திரெண்டு. கணக்குல எண்பத்தொண்ணு. சயின்ஸ்ல—"

"அதக் கேக்கல சார். இன்னும் ஒரு வாய்ப்புத்தான்."

"இத எப்பிடிம்மா கண்டுபிடிக்கிறது?"

"பக்கத்துலதான நிக்கிறா. கேளுங்க."

"கேக்கலாமா?"

"கேக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா? இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல, அம்புட்டுத்தான்."

சௌந்தரபாண்டி திரும்பினார். மகளிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று ஒரு நிமிடம் புரியவில்லை. "எதுக்கு பாப்பா பயப்படுவ?" என்றார்.

சுபிக்ஷா யோசித்தாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"ரிசல்ட் வர்ற அன்னைக்கு நீங்க படியேறி வர்ற சத்தம்."

அதை அவரே தன் விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடிக்க வேண்டியிருந்தது. பாதியில் கண் மங்கியது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு மிச்சத்தை அடித்தார். சரி என்று வந்தது.

இப்போது திரையில் இரண்டு படங்கள் தெரிந்தன. ஒன்றில் சுபிக்ஷா, மாவு படிந்த தலையோடு. இன்னொன்றில் பெரியவர். ஒவ்வொரு படத்துக்கும் கீழே மதிப்பெண் போட்டிருந்தது. நாற்பத்தொன்று. தொண்ணூற்றெட்டு.

"யாரு இருக்கணுமோ அவங்கள அமுக்குங்க. இன்னொருத்தர் வெளிய போயிருவாங்க" என்றார் திலகராணி.

"அவர் வாங்குன மார்க்கு?"

"அவரோட போயிரும்."

"காலேஜ்ல சீட்டு கெடைக்கிற மாதிரி இருக்கே?"

"அதுவும்தான்."

சௌந்தரபாண்டியின் விரல் மகளின் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. அமுக்கவில்லை. பெற்ற பிள்ளைதான், வேண்டாமென்று யார் சொன்னது. ஆனால் தொண்ணூற்றெட்டாச்சே! அவருக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனைபோலத்தான் இருந்தது.

"பாப்பா, இந்தா பாரு. அவரு பாட்டுக்குப் படிச்சு முடிக்கட்டும். நாலே வருசம். டிகிரி கைக்கு வந்ததும் நம்ம வந்து மாத்திக்கிருவோம். டிகிரியில ஒம்பேருதான இருக்கும்?"

மெதுவாகச் சொன்னதாக அவர் நினைப்பு. தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. நாற்காலிகளில் ஒரு ஆளும் வாய் திறக்கவில்லை. திலகராணி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"நாலு வருசம் நா எங்கப்பா இருப்பேன்?" என்றாள் சுபிக்ஷா.

"மில்லுல இரு. அம்மா சோறு கொண்டாருவா. ஒனக்கும் கஷ்டமில்லையே, பரிச்சை கிரிச்சை ஒண்ணும் கெடையாது."

அவள் மூட்டையில் சாய்கிற மாதிரி சுவரில் சாய்ந்தாள். "சரிப்பா" என்றாள்.

பெரியவர் தொண்டையைச் செருமினார். கையை நீட்டித் தன் பையைச் சௌந்தரபாண்டியிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"சரின்னு சொல்லாத தாயி" என்றார். "எங்க காலத்துல ஓடிபியெல்லாம் ஏது? எங்கப்பா வாசல்ல நின்னு எம்பேரச் சொல்லிக் கூப்புட்டாரு. ரோட்டுல போன ஒருத்தன், இந்தா வந்துட்டேம்ப்பான்னு உள்ள போயிட்டான். நல்லாப் படிச்சான். நாலு வருசம் பொறுத்துக்கடான்னாரு எங்கப்பா. நா இன்னும் பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

திலகராணி அடுத்த ஆளைக் கூப்பிடுகிற மணியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

சௌந்தரபாண்டி மகளின் படத்தை அமுக்கினார். அமுக்கிய பிறகும் விரலை எடுக்காமல் வைத்திருந்தார். பெரியவரின் படம் போய்விட்டது. தொண்ணூற்றெட்டும் போய்விட்டது. அதைப் பார்க்க அவருக்கு இன்னமும் வலித்தது, வலிக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

பெரியவர் வேட்டியைச் சரி செய்துகொண்டார். "சார்" என்றார் சௌந்தரபாண்டியிடம். "பஸ் ஸ்டாண்டுக்கு எப்பிடிப் போகணும்?"

சௌந்தரபாண்டியின் விரல் இன்னும் திரையிலேயே இருந்தது.

"வாங்க, நா கொண்டுபோய் விடுறேன்" என்று சுபிக்ஷா பெரியவரின் பையை வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் தாழ்வாரத்தில் நடந்தார்கள். நாற்காலிக்காரர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். பெரியவர் ஏதோ கேட்டார், அவள் ஏதோ சொன்னாள். அவள் இவ்வளவு பேசி அப்பா பார்த்ததில்லை.

சௌந்தரபாண்டி அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தார். கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பட்டது. கூப்பிடாமல் நின்றார்.