ஒரு சாண் கயிறு

கயிற்றில் ஒரு சாண் குறைகிறது என்பது தருமபுரி ஷோரூமில் அந்த நிமிஷம் காசியம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். நறுக்கிய துண்டு அவள் மஞ்சள் பைக்குள் தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் கிடந்தது.

மாரண்டஹள்ளியில் அவர்கள் வீட்டுக்குப் போகிற சந்துக்கு இருபக்கமும் பங்காளிகளின் சுவர். செத்தாலும் ஒரு செங்கல்லை நகர்த்த மாட்டார்கள். கார் நுழையுமா என்று பார்க்க, புருஷன் குப்புராஜ் மாட்டுக் கயிற்றைச் சந்தின் குறுக்கே பிடித்து, நூல் பிசகாமல் அறுத்து வைத்திருந்தான். டேப்பெல்லாம் அவனுக்கு ஆகாது. தன் கயிறு பொய் சொல்லாது என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தான். பாவம், காலையில் அவன் பல் விளக்கப் போன நேரத்தில்தான் இவள் அதில் கை வைத்தாள்.

வேறென்ன செய்வாள்? ஒரே கம்பெனி, ஒரே மூஞ்சி, இரண்டு கார். சின்னதில் ஐந்து பேர் உட்காரலாம், பெரியதில் ஏழு பேர். நாத்தனார் ராஜாமணி வீட்டில் ஐந்து பேர், இவர்கள் இரண்டு பேர். எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள்! கல்யாணமான புதிதில் ஒகேனக்கல் போனபோதே பஸ்ஸில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தவள் ராஜாமணி. இருபத்திரண்டு வருஷமாக அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. இப்போதும் பெரிய காரின் கடைசி வரிசையில் ஏறி, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, இறங்குவேனா என்கிறாள். பெரியது சந்தில் நுழையாது என்றாகிவிட்டால் சின்னதுதான் வரும். ஒரு தடவையாவது அவனும் இவளுமாகப் போய்ப் பரிசலில் உட்காரலாம். காசியம்மாளின் திட்டம் அவ்வளவுதான்.

பெரிய காரின் முன்னால் கயிற்றைப் பிடித்தார்கள். பத்தவில்லை. காசியம்மாள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டாள். சின்னதற்குப் பிடித்தார்கள். கண்ணாடியை மடக்கியும் பத்தவில்லை.

"இதென்னடா அநியாயம்! சின்ன வண்டிக்குமா?" என்று திகைத்தான் குப்புராஜ்.

"நீளத்துலதாங்க சார் சைஸு மாறுது," என்றான் விற்பனைக்கு நின்ற இளம்பரிதி. "இது நாலு மீட்டருக்குள்ள, அது நாலரைக்கு மேல. அகலம் பாத்தா நாலு விரக்கடதாங்க வித்தியாசம்."

காசியம்மாள் பையை இறுக்கிக்கொண்டாள். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, பாவி!

குப்புராஜ் கயிற்றைக் கையில் சுற்றினான். "விடு புள்ள. நமக்குக் குடுத்து வெச்சது அந்த மொபட்டுதான்."

மூன்று வருஷமாகத் தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சும்போதெல்லாம் காரைப் பற்றியே பேசியவன். அந்த முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. பைக்குள் கையை விட்டுத் துண்டை எடுத்து நீட்டினாள்.

"நாந்தாங்க அறுத்தேன்."

"எதுக்கு புள்ள?"

"ஒங்களோட ஒருவாட்டியாச்சும் தனியாப் போவணும்னுதான். ஏழு சீட்டு வந்தா எங்கங்க போவறது?" இளம்பரிதி கூரையைப் பார்த்தான்.

குப்புராஜ் துண்டைப் பார்த்தான், கடைசி வரிசையைப் பார்த்தான். காது இரண்டும் சிவந்துவிட்டன. தரையில் குந்தி, துண்டைக் கயிற்றோடு சேர்த்துப் பிடித்தான்.

"அண்ணா, அளந்தாச்சா? எனக்கு வேர்க்குது!" ராஜாமணி உள்ளேயிருந்து கத்தினாள்.

"இரும்மா, முடிச்சுப் போடறேன்." பிறகு குரலைத் தணித்து, "ரெண்டு வண்டிக்கும் எத்தினி விரக்கட வித்தியாசம்னீங்க தம்பி?"

"நாலுங்க சார்."

அவன் ஒரு முடிச்சுப் போட்டான். முடிச்சு கயிற்றில் எவ்வளவு தின்றது என்று நான்கு விரலை வைத்துப் பார்த்தான். அதன் மேலேயே இன்னொரு முடிச்சைப் போட்டு, பல்லால் கடித்து இழுத்தான்.