மரத்துப்போன விரலும் மணப்பெண்ணின் சீப்பும்

நண்பகலில் சீப்பு உடைந்தது. பன்னிரண்டு பற்களில் ஒன்பதை முடித்துவிட்டுப் பத்தாவதை அறுத்துக்கொண்டிருந்தாள் கெமுண்டோ. கைக் கிரைண்டரின் வெட்டுமுனையான பிட் துள்ளிப் பக்கத்துப் பல்லில் பாய்ந்தது. எலும்பு இரண்டாகப் பிளந்தது. பிட் துள்ளியது அவள் விரலுக்குத் தெரியவேயில்லை. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

கிபேராக் குடிசைப் பகுதியில் ரயில் பாதையை ஒட்டிய அந்தப் பட்டறையில் பதினோரு வருடமாக எலும்பு செதுக்குகிறவள் அவள். முதலாளி அபுங்கு, அந்தச் சீப்பைச் செய்யச் சொன்ன மணப்பெண்ணை அழைத்துவர நகரத்துக்குப் போயிருந்தார். நான்கு மணிக்கு வருவார்கள். மறுநாள் கல்யாணம். வேகவைத்து வெளுத்த அகலமான மாட்டெலும்பு இன்னும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அடுத்த மேசையில் பாசி கோத்துக்கொண்டிருந்த ஓசோரோ எழுந்து வந்தான்.

"அக்கா, அந்த விரலக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல. குளிரு."

"வெயில் மண்டையப் பொளக்குது. குளிராமே!"

அவள் கையை விரித்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தன. மூன்று மாதமாக இப்படித்தான் என்றாள். கிரைண்டரின் அதிர்வு மணிக்கட்டு வரை ஏறி விரலைச் சாகடிக்கிறது. சொன்னால் அபுங்கு அவளை எலும்பு வேகவைக்கும் பீப்பாய்க்கு அனுப்பிவிடுவார். அந்தப் பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

தான் செதுக்கித் தரட்டுமா என்று கேட்டான் ஓசோரோ. அவனுக்குச் சீப்பு வராது என்பது இருவருக்குமே தெரியும்.

"அப்போ கருவிய மாத்துவோம். கைய மாத்த முடியாதுல்ல" என்றான்.

மூலையில் மெருகு போட மட்டும் வைத்திருந்த மோட்டார் ஒன்று கிடந்தது. அதன் வளையும் குழாயின் முனையில் பேனா அளவே பிடி. மோட்டாரின் கனம் கையில் ஏறாது. அதைக் கூரைக் கம்பியில் தொங்கவிட்டார்கள். முதலில் தாழ்வாகக் கட்டியதால் குழாய் முறுக்கி மணிக்கட்டை இழுத்தது. ஒரு முழம் உயர்த்தியதும் குழாய் தளர்வாகத் தொங்கியது. வழுவழுப்பான பிடியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினாள். பக்கத்துத் தையல்காரியிடம் மின்தையல் இயந்திரத்தின் கால்மிதியைக் கெஞ்சி வாங்கிவந்து வேகத்தைக் கூட்டிக் குறைக்க மாட்டினான் ஓசோரோ. முழங்கையை ஊன்றிக்கொள்ள ஒரு மணல் மூட்டை.

உடைந்த துண்டில் ஓட்டிப் பார்த்தாள். பிடி நடுங்கியது. பிட்டைக் கழற்றித் தட்டையான கண்ணாடிமேல் உருட்டினாள். பிட் கோணல். நேரான வேறொன்றைத் தேடி மாட்டியபோது மணி ஒன்றேமுக்கால்.

கடைசி எலும்பை எடுத்தாள். மிதியை அதிகம் அழுத்தினால் எலும்பு சூடேறி எரிந்த மயிர் வாடை வந்தது. தளர்த்தினால் வேகம் குறைந்து பிட் எலும்பைக் கவ்வியது. நடுவில் ஓர் இடம் கால் பழகிய பிறகே கிடைத்தது. உணர்வில்லாத விரலை நம்பாமல் காதை நம்பினாள். ஓசை மாறும்போதெல்லாம் நிறுத்தினாள். எலும்பு சூடேறாமல் ஓசோரோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டான். ஏழாவது பல்லில் மின்சாரம் போனது. இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். இருபது நிமிடம் கழித்து வந்தது.

கடைசிப் பல் பாதியில் இருக்கும்போதே வாசலில் அபுங்குவின் குரல். அவள் தலை நிமிரவில்லை. முடித்து, தேய்த்து, மணப்பெண்ணின் கையில் வைத்தாள். ஒரு பல் மற்றவற்றைவிட மெல்லியது என்று அவளே சொன்னாள். மணப்பெண் கூந்தலில் செருகிக் கண்ணாடி பார்த்தாள். "இதுதான் வேணும்" என்றாள்.

அவள் போனபின் கெமுண்டோ முதலாளியிடம் கையைக் காட்டி, மூன்று மாதமாக இப்படி என்றாள்.

"மூணு மாசமா சொல்லலியே. கடிச்சுத் தின்ன நான் என்ன சிறுத்தையா?"

"சொன்னா பீப்பாய்க்கு அனுப்பியிருப்பீங்க."

அபுங்கு அந்த விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். மறுநாள் அவரே அவளை மருத்துவரிடம் கூட்டிப்போனார்.

நடுவிரலில் உணர்வு திரும்பியது. ஆள்காட்டி விரலில் பாதிதான். இப்போது அவள் நண்பகல் வரை மட்டுமே செதுக்குகிறாள். பட்டறையில் மூன்று மோட்டார்கள் கூரையிலிருந்து தொங்குகின்றன.