வேன்டெல் கல்லூரி மைதானத்துப் பனி

1988ஆம் ஆண்டு தொடங்கி இருபத்தேழு வசந்தங்கள், வேன்டெல் ஊரில் கல்லூரியின் பேஸ்பால் மைதானத்தின் மேல் மட்டும் பனி பெய்தது. பிப்ரவரி மூன்றாம் வாரம் ஆரம்பிக்கும். கல்லறைகளுக்குப் பூ வைக்கும் மே மாதக் கடைசித் திங்கட்கிழமை காலை ஏழரைக்கு நிற்கும். வார நாட்களில் நாலு அங்குலம், சனிக்கிழமை இரண்டு ஆட்டம் வைத்திருந்தால் ஏழு. வேலிக்கு அந்தப் பக்கம் ட்யூலிப் பூத்திருக்கும், பெண்கள் அணி அரைக்கைச் சட்டையோடு பந்தெறிந்துகொண்டிருக்கும். வேலியில் சாய்ந்து நிற்கிறவனுக்கு முதுகு வியர்க்கும், நீட்டிய மூக்கு மட்டும் விறைக்கும். அயோவாவின் அந்த வடமேற்கு மூலையில் மக்காச்சோளத்தின் விலையைப் பற்றி என்ன குரலில் பேசுவார்களோ அதே குரலில்தான் இதையும் பேசினார்கள். சர்ச் பெண்கள் ஈஸ்டருக்கு ஐஸ்கிரீம் கடைய வாளியோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆர்லன் டெவ்ரீஸ் பயிற்சியாளராக வந்ததும் அதே 1988இல்தான். அப்போது அவருக்கு முப்பத்தொரு வயது. அந்த ஆண்டு ஊருக்குப் புதிய தண்ணீர்த் தொட்டியும் புதிய பாதிரியாரும்கூட வந்திருந்தபடியால், பனியையும் அவரையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

சொந்த மைதானம் இல்லாத அணி எப்படி ஆடுமோ அப்படி ஆடியது வேன்டெல். பிப்ரவரி முழுக்கக் கூடைப்பந்து அரங்கின் மரத்தரையில் பயிற்சி. மரத்தரையில் பந்து பொய் சொல்லாமல் எழும்பும். மண்ணில் போய் நின்றால் முதல் பத்து ஆட்டத்துக்கு முழங்காலையும் தாடையையும் பதம் பார்க்கும். அரங்கின் கூரை முப்பதடி. அதனால் மார்ச்சில் தெற்கே போய் ஆடும்போது, உயரப் போன பந்துகளைப் பார்த்துப் பையன்கள் திறந்த வாயோடு நிற்க, அவர்களுக்கு நடுவில் அது பொத்தென்று விழும். ஐம்பது ஆட்டமும் வெளியூர்தான். பேருந்திலேயே படித்தார்கள், பேருந்திலேயே பரீட்சை எழுதினார்கள், ஒருவனுக்குப் பேருந்திலேயே அம்மை போட்டுக் குணமானது. நன்றாக ஆடத் தொடங்கியவனை வெயிலுள்ள ஊர்க் கல்லூரிகள் இரண்டாம் ஆண்டு முடிவில் அழைத்துக்கொண்டன. ஆர்லன் அவர்களைத் தன் காரிலேயே விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார். பையன்கள் அழுதார்கள், அவர் பெட்டியை இறக்கிக் கொடுத்து, "போய் நல்லா ஆடுடா. கால நகத்தாம அடி" என்பார். அவ்வளவுதான்.

அப்படியும் ஏழு முறை அணி மண்டலப் போட்டிவரை போனது. ஏழு முறையும் அடுத்தவன் மைதானத்தில் தோற்றுத் திரும்பியது. இந்த அணி ஏன் முதல் வரிசைக்கு வரவில்லை என்று ஆராயக் கல்லூரி ஒரு குழு போட்டது. குளிர், தூரம், ஓடிப்போகும் ஆட்டக்காரர்கள், கொடையாளிகளின் அலட்சியம் என்று நாற்பது பக்கம் எழுதினார்கள். ஆர்லன் இரண்டு தடவை படித்துவிட்டு எல்லாம் சரிதான் என்று கையெழுத்துப் போட்டார். தார்ப்பாய் விரித்தார்கள், பனி தார்ப்பாய்க்கு அடியில் பெய்தது. தரைக்குக் கீழே வெந்நீர்க் குழாய் பதித்தார்கள். வெதுவெதுப்பான பனி பெய்தது. 2003இல் மைதானத்தையே இரண்டு மைல் கிழக்கே ஒரு சோயாக் கொல்லைக்கு மாற்றினார்கள். ஆர்லன் முதல் சுண்ணாம்புக் கோட்டை இழுத்து நிமிர்வதற்குள் அவர் தொப்பியில் ஒரு பனித்துகள் விழுந்தது. பழைய மைதானம் மதியச் சாப்பாட்டுக்குள் காய்ந்து, அந்த ஆண்டே நல்ல சோயா விளைச்சல் கொடுத்தது.

2014ஆம் ஆண்டு அணியில் கார்வின் ப்ளஸ்மன் என்ற இடதுகைப் பந்து வீச்சாளன் இருந்தான். தெற்கிலிருந்து நாலு கல்லூரிகள் கூப்பிட்டும் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "பஸ்ல எனக்குன்னு ஒரு ஜன்னல் இருக்கு" என்றான். அவன் கையால் வேன்டெல் நாற்பத்தொரு ஆட்டம் ஜெயித்தது. மண்டலப் போட்டியை அந்த முறை வேன்டெல்லே நடத்தலாம், மே நடுவில் மைதானம் காய்ந்திருந்தால் போதும் என்று கடிதம் வந்தது. வியாழக்கிழமை மூன்று மணிக்கு மைதானத்தைச் சோதிக்க ஆட்கள் வருவார்கள். திங்கட்கிழமை மைதானத்தில் ஒன்பது அங்குலப் பனி கிடந்தது.

செவ்வாய்க்கிழமை ஆர்லனுக்குப் பித்தப்பையில் வலி வந்து, சூ சிட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மயக்க மருந்து கொடுக்குமுன், அவரிடம் ஆடிப் பிறகு அவருக்கே உதவியாளராகிவிட்ட ரேமண்ட் ஹாவ்லிக்கைக் கூப்பிட்டு, ஆடுகிறவர்களின் பெயர் எழுதும் அட்டையைக் கையில் கொடுத்தார். "இனி டீம் உன் பொறுப்புடா. நான் எந்திரிச்சாலும் சரி, எந்திரிக்காட்டாலும் சரி."

"பித்தப்பைக்கெல்லாம் யாரும் சாக மாட்டாங்க, கோச்."

"சரி, வாய மூடிக்கிட்டு வாங்கிக்கோ."

மறுநாள் ரேமண்ட் போனில் கத்தினான். "கோச், பனி நின்னுபோச்சு! நேத்து நீங்க அட்டைய குடுத்தீங்கல்ல, அதே நேரம்தானாம்! புல்லு தெரியுது! பயலுக செருப்பில்லாம ஓடிட்டு இருக்கானுக!"

வியாழன் காலை மருத்துவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச்சொல்ல ஆர்லன் கிளம்பினார். மனைவி மார்லிஸ் காரை ஓட்டினாள். தண்ணீர்த் தொட்டியருகே திரும்பியதும் மைதானம் தெரிந்தது. மே மாதத்தில் அதன் நிறம் என்னவென்று ஆர்லன் அன்றுதான் பார்த்தார். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டக்காரர்கள் உட்காரும் கொட்டகைக்குள் போய், ரேமண்டின் தோளைத் தட்டி, அட்டையை வாங்கிப் பார்த்தார். மூன்றாவது பெயரும் ஐந்தாவது பெயரும் இடம் மாறியிருக்க வேண்டும் என்று பட்டது. பேனாவை எடுத்து மாற்றினார். அட்டையின் மேல் ஒரு பனித்துகள் விழுந்தது. அப்புறம் பத்து. மைதானத்தில் இரண்டாம் பேஸில் நின்ற பையன் கையைத் தேய்த்துக்கொண்டான்.

ரேமண்ட் அட்டையைப் பிடுங்கிப் பெயர்களைப் பழையபடி எழுதினான். நின்றது. ஆர்லன் மெல்ல வாங்கினார். பெய்தது. கொடுத்தார். நின்றது. மூன்று முறை செய்து பார்த்தார்கள். நாலாவது முறைக்கு ரேமண்ட் கையை நீட்டவில்லை.

"பனியிலயே ஆடிடலாம் கோச். நமக்கென்ன புதுசா?"

"மூணு மணிக்கு வர்றாங்க. பிடி."

"நீங்க இல்லாம நான் எப்படி..."

"பிடிடா, கை வலிக்குது."

ஆர்லன் காருக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டார். மார்லிஸ் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியும்."

"தொண்ணூத்தாறுல உனக்குக் காலு ஒடிஞ்சப்ப ஒரு வாரம் டீம வேற ஆளு பாத்தாரே. அந்த ஒரு வாரமும் அங்க வெயிலு. எல்லாரும் தற்செயல்னு நெனச்சாங்க. நான் மைதானத்துக்குப் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"பதினெட்டு வருஷம், மார்லிஸ். எத்தன பசங்கள ஏர்போர்ட்டுல கொண்டுபோய் விட்டேன் நான்?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே விட்டிருப்ப. விட்டுட்டு அடுப்படி ஜன்னல் பக்கத்துல உக்காந்து ரோட்டயே பாத்துட்டு இருப்ப. எனக்கு உன்னத் தெரியாதா? பனிதானே, போனாப் போகுதுன்னு விட்டுட்டேன். தப்புதான்."

ஒன்பது நாள் அவர் அவளோடு பேசவில்லை. அந்த ஒன்பது நாளுக்குள் சோதிக்கிறவர்கள் வந்து புல்லைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார்கள். கார்வின் இரண்டு ஆட்டம் வீசினான். வேன்டெல் தன் சொந்த மண்ணில் மண்டலப் போட்டியை ஜெயித்தது. ஆர்லன் சமையலறை ரேடியோவில் கேட்டார். கடைசிப் பந்து விழுந்ததும் ஊரெல்லாம் கார் ஹாரன் அடித்தது. அவர் ரேடியோவை அணைத்து, மேசைத் துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டே வெகுநேரம் இருந்தார். பிறகு, "காப்பி இருக்கா?" என்று மார்லிஸிடம் கேட்டார். இருந்தது.

அதற்குப் பிறகு நல்ல ஆட்டக்காரர்கள் போவது நின்று, வருவது தொடங்கியது. ஆறு ஆண்டில் வேன்டெல் நாலு முறை தேசியப் போட்டிக்குப் போய், ஒருமுறை மூன்றாவதாக வந்தது. கொடையாளிகள் வந்தார்கள். இன்னொரு குழு போட்டு, அணி ஏன் முதல் வரிசைக்கு வந்தது என்று நாற்பது பக்கம் எழுதினார்கள். அதில் பனியைப் பற்றி ஒரு வரி இருந்தது, ஆர்லனைப் பற்றி இல்லை. அவர் கல்லூரியின் விதைக்கிடங்கில் வேலை பார்த்தார். வீட்டுத் தோட்டத்தை முன்ஜாக்கிரதையாக மார்லிஸின் பெயருக்கு மாற்றியிருந்ததால் அவர் நட்ட ருபார்ப் செடிகளுக்குப் பனியால் ஒன்றும் ஆகவில்லை. ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கி மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார். நடுவரைத் திட்டலாம், கடலை கொறிக்கலாம். அதற்கெல்லாம் வானம் கண்டுகொள்ளவில்லை. ஆட்டத்தைப் பற்றி யோசனை மட்டும் சொல்லக் கூடாது. அவர் கொட்டகைப் பக்கம் நடந்து வந்தால் ரேமண்ட் அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் நலம் விசாரிப்பான். புதிதாகச் சேர்கிற பையன்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: பெரியவர்கிட்ட பேஸ்பாலத் தவிர எது வேணும்னாலும் பேசு.

2021 ஏப்ரலில் லூதர் என்று ஒருவன் இருபது நாளாக ஒரு பந்தைக்கூடச் சரியாக அடிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தான். ஆட்டத்தின் நடுவில், அடிக்கப் போகுமுன் வேலியோரம் வந்து நின்றான். ஒன்றும் கேட்கவில்லை. நின்றான், அவ்வளவுதான். மூன்றாம் வரிசையில் ஆர்லன் கடலைப் பொட்டலத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பக்கத்தில் மார்லிஸ் பெருமூச்சு விட்டு, கைப்பையிலிருந்து இருவருடைய கையுறைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வலது முழங்கை மேல ஏறுதுடா," என்றார் ஆர்லன். "இறக்கிப் பிடி."

மைதானத்தின் இடது மூலையில் அரை அங்குலம் பெய்தது. பையன்கள் அலுத்துக்கொள்ளாமல் துடைப்பம் எடுத்து வந்து தள்ளினார்கள். எதிரணிக்காரர்கள் வெளியூர்தான் என்றாலும் நாலு பேர் கூடவே வந்து தள்ளினார்கள். ஆட்டம் மறுபடி தொடங்கியதும் லூதர் முதல் பந்தையே வேலிக்கு வெளியே அனுப்பினான். நடுவர் தன் குறிப்பேட்டை எடுத்து, ஆட்டம் பதினோரு நிமிடம் தடைப்பட்டது என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் 'வானிலை' என்று எழுத ஆரம்பித்து, அதை அடித்துவிட்டு, 'ஆர்லன்' என்று எழுதினார்.