பகலில் எரிந்த விளக்கு

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள் கண்ணுகளா, கணப்புச் சட்டிப் பக்கம் கையை நீட்டிக்கொள்ளுங்கள். வெளியே மழை விடுகிற வரைக்கும் ஒரு படத்தின் கதை சொல்கிறேன்.

எடோ நகரத்தில், கால்வாயோரச் சந்து ஒன்றில் ஒசுமி இருந்தாள். மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டிய நம் கதவுகளில் ஓட்டை விழுந்தால் துண்டுக் காகிதத்தைப் பூவாக வெட்டி ஒட்டுவோமே, அவள் கதவிலும் அப்படி ஒரு பூ இருந்தது. கோணல் பூ. புருஷன் தோமெகிச்சி குடித்துவிட்டு வந்து முழங்கையால் இடித்த இடம் அது. "போ! இந்தக் கதவு இனி உனக்குத் திறக்காது" என்று ஒசுமி கத்திவிட்டாள். விடிந்ததும் அவனே பூவை வெட்டி ஒட்டிவிட்டு, ஒசாகா போகும் சரக்குக் கப்பலில் ஏறிவிட்டான். ஒரு வருஷம் ஓடிப்போயிற்று. எந்தத் துறைமுகத்தில் இருக்கிறானோ! சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவள் தவித்தாள். கேட்கத்தான் ஆள் இல்லை.

பக்கத்து வீட்டு புன்ஜி, வேறொருவர் செதுக்கித் தரும் மரக்கட்டையில் சாயம் பூசித் தாளில் படம் அச்சடிக்கிறவர். ஒரு மழை மதியம் ஒசுமி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். தாளில் கோடு கோடாக மழை. வாளியோடு ஓடும் ஒருத்தி, தோஃபு கடைப் பூனை, வரிசையாகச் சாத்திய கதவுகள். ஒன்றில் கோணல் பூ.

"அண்ணே, இது நம்ம சந்தாச்சே!"

"பின்னே? ஓவியர் தோஃபு கடை ஓரமா குந்தி வரைஞ்சாரே. வழியில உக்காராதேன்னு நீதானே விரட்டினே."

"கப்பல்காரங்க இதெல்லாம் வாங்குவாங்களா?"

"வாங்காம? ஊருக்குக் கொண்டுபோகக் கனமே இல்லாத பொருளாச்சே."

"அப்போ என் கதவைக் கொஞ்சம் திறந்து வைங்கண்ணே."

புன்ஜி சிரிக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. "கோடு செதுக்கினவரோடது தங்கச்சி. மரத்துல சாத்தின கதவை நான் எப்படித் திறக்க?"

ஒசுமி தாளையே பார்த்தாள். ஈரத் தாளின் வாசம். வெளியே பெய்யும் மழையும் தாளில் பெய்யும் மழையும் ஒன்றாகி, பூனை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய் வருவதுபோல் இருந்தது.

கோடு செதுக்குகிறவருடையதுதான். ஆனால் சாயத்தைத் துடைக்கிற கை அச்சடிக்கிறவருடையது. புன்ஜி கட்டையில் சாம்பல் நிறம் பூசி, அந்த ஒரு கதவில் மட்டும் ஈரத்துணி நுனியால் துடைத்து, விரலால் மஞ்சள் தொட்டு வைத்தார். தாளைப் போட்டுத் தேய்த்து எடுத்தபோது, கோணல் பூவுக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. எல்லாத் தாளிலும் அப்படியே செய்தார்.

படக்கடை முதலாளி குதித்தார். "பட்டப்பகல்ல எவன்யா விளக்கேத்தினது?"

"மழை இருட்டுங்க முதலாளி!"

படம் நன்றாக விற்றது. முதலாளி அடங்கிவிட்டார்.

இலைகள் பழுத்து மரங்கள் சிவந்த காலம் வந்தது. அன்றும் பகல் மழை. ஒசுமியின் கதவுக் காகிதத்தில் ஒரு நிழல் வந்து, பூவின் மேல் நின்றது.

"ஒசுமி! உசிரோட இருக்கியா?"

ஒசுமி கதவருகே ஓடினாள். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "எனக்கென்ன கேடு?"

"கூட்டாளி ஒருத்தன் கப்பல்ல ஒரு படம் ஒட்டியிருந்தான். நம்ம கதவு, என் பூ! நான் சோறு மென்னு முடிக்கறதுக்குள்ள விளக்கை ஊதுறவ நீ. பகல்லயே எண்ணெய் எரியுதேன்னு பதறிட்டேன். உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும், இல்ல நோவு வந்திருக்கும்னு..."

"அவ்வளவு பதறினவன் ஏன் வெளியவே நிக்கிறே?"

"திறக்காதுன்னு சொன்னியே."

"இழுத்துப் பார்த்தியா, மடையா? அன்னிலேர்ந்து தாழே போடலை!"

கதவு பக்கவாட்டில் நகர்ந்து திறந்தது. ஒசுமி அவன் முகத்தைச் சரியாகப் பார்க்க, எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், பகலிலேயே விளக்கை ஏற்றினாள்.

உங்கள் வீட்டுக்கு வர வேண்டியவர்கள் நனைந்தாவது வந்து சேரட்டும், கண்ணுகளா. விளக்கில் எண்ணெய் வற்றாமல், கதவுக்குத் தாழே தேவைப்படாமல், உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும்.